சித்திரைக்குத் தெற்கே

மைசூரின் மண்டி மொஹல்லாவில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் திசை தெரிந்துவிடும். கிழக்கே புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். தெற்கே அரண்மனை. அதற்கும் அப்பால், சற்றுக் கிழக்காக ஒதுங்கி, சாமுண்டி மலை. சித்திரை மாதத்து இரவுகளில் அந்த அரண்மனைக்கு மேலே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறையச் சரிபாதி உயரத்தில், ஒரு சுருள் கேலக்ஸி வந்து நிற்கிறது. வானியலாளர்கள் அதற்கு வைத்த எண் எம்83. தென்திசைக் காற்றாடி என்ற செல்லப் பெயரும் உண்டு. தூரம் சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு.

நான் அங்கே தங்கியது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மைசூர் அரண்மனையின் ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாட்களிலும் தசராவிலும்தான் எரியும். அன்று அவை எரியவில்லை. அப்படியும் தெற்கு வானம் செம்மண் கரைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. சித்திரை நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாணியம்பாடியில் பிறந்து, தோல் வியாபாரத்துக்காக இளம் வயதிலேயே மைசூர் வந்து, மண்டி மொஹல்லாவிலேயே குடியாகிவிட்ட பெரியவர்.

"எதைத் தேடுறீங்க தம்பி?"

"அரண்மனைக்கு மேல ஒரு கேலக்ஸி இருக்கு பாய். இங்கிருந்து தெரியல."

அவர் மேற்கே கையை நீட்டினார். "முன்னெல்லாம் ரமலான் பிறையை இந்த மாடியிலயே பாத்துடுவோம். பிள்ளைங்க எல்லாம் வந்து நிப்பாங்க. இப்ப பாருங்க, நாலு பக்கமும் கட்டடம், நாலு பக்கமும் லைட்டு." நாளைக்கு வாணியம்பாடி வழியாகக் காவலூருக்குப் போகிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "மலைக்கு மேல பெரிய கண்ணாடி வச்சிருக்காங்களே, அதுக்கா? நம்ம ஊர்ப் பக்கம்தானே. நான் பாத்ததே இல்ல" என்றார்.

இந்த மண்ணுக்கும் விளக்குக்கும் பழைய உறவு. மைசூர் சமஸ்தானம் காவிரியைச் சிவசமுத்திரத்தில் மடக்கி மின்சாரம் எடுத்தது 1902-இல். முதலில் அது கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிற்று, 1905-இல் பெங்களூருத் தெருக்களுக்கு, 1908-இல் மைசூருக்கு. இந்தியாவில் மிக முன்னதாக வெளிச்சம் பார்த்த ஊர்களில் ஒன்று இது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருட்டில் பிரசவம் பார்த்த காலத்தை நம் பாட்டிகள் அறிவார்கள். ஆனால் தெருவுக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அது யாருக்கும் பயன்படுவதில்லை, எம்83-ஐ மறைப்பதற்கு மட்டும் போதுமானதாக இருக்கிறது.

தென்னிந்தியர்களாகிய நமக்கு வானத்தில் ஒரு சொத்து இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. மைசூரு நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டு பாகைதான் வடக்கே இருக்கிறது. அதனால் வடவானம் கிட்டத்தட்ட முழுவதும் நமக்குத் தெரியும், தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். எம்83 மைசூருக்கு நாற்பத்தெட்டுப் பாகை உயரத்தில் ஏறுகிறது. லண்டனில் ஒன்பது பாகையைக்கூட எட்டாது. பாரிசில் பதினொன்று. பாரிசில் இருந்துகொண்டு 1781-இல் இதைத் தன் பட்டியலில் எண்பத்து மூன்றாவதாகச் சேர்த்த சார்ல் மெசியே, மிகுந்த சிரமப்பட்டே அதைக் காண முடிந்தது என்று குறித்துவைத்தார். அடிவானத்துப் புகையும் தூசியும் அவருக்கு எதிரே நின்றன. நமக்கு அந்தத் தடை இல்லை. நாமே போட்டுக்கொண்ட தடைதான் இருக்கிறது.

சனிக்கிழமை விடியும்போது மைசூரில் ரயில் ஏறினேன். பெங்களூரில் இறங்கி, சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கு மாறினேன். பங்காருபேட்டை வந்ததும் சன்னலோரம் போய் நின்றுகொண்டேன். இங்கிருந்துதான் கோலார் தங்கவயலுக்குக் கிளைப் பாதை பிரிகிறது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை. 1965-இல் அந்தச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய இயற்பியலாளர்களும் காத்திருந்து, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தைப் பிடித்தார்கள். உலகில் முதன்முறையாக அது பிடிபட்ட இடங்களில் ஒன்று கோலார். வானத்தைப் படிக்க மனிதர்கள் பூமிக்குள் இறங்கிய ஊரைக் கடந்து, மலைமேல் ஏறப் போகிறேன் என்ற நினைப்பு மனத்தை நிறைத்தது.

வாணியம்பாடியில் வெயில் உச்சந்தலையில் இறங்கியது. பாலாறு மணலாகக் கிடந்தது. அங்கிருந்து பேருந்தில் ஆலங்காயம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் ஏறினால் மலைப்பாதையில் காவலூர் வரும். வளைவுகள் தொடங்கியதும் காற்றின் குணம் மாறிவிட்டது. புளியும் பலாவும் நிற்கும் ஜவ்வாது மலை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் அங்கங்கே. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம்தான், மைசூரைவிடக்கூடச் சற்றுக் குறைவு. ஆனாலும் இது வேறு உலகம்.

இங்குள்ள வானாய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அவர் அப்பா வேலை பார்த்தது அங்கிருந்த நிஜாமியா வானாய்வகத்தில். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர். அவர் பெயரும் அந்த வால்மீனுக்கு உண்டு. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். கொடைக்கானல் சூரியனைப் பார்ப்பதற்கு நல்ல இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தென்னிந்திய மலைகளில் தேடி அலைந்தார். தென்வானம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கில் முக்கியமாக இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே அந்த வானத்தைத் தொடர்ந்து பார்க்கப் பெரிய வானாய்வகம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் விடிந்து மற்றோரிடத்தில் இருட்டும் வரை உள்ள இடைவெளியைக் காவலூரால் நிரப்ப முடியும்.

கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968-இல் இங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அந்த ஒளியில் ஏற்பட்ட குறைவை ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இங்கிருந்து பதிவுசெய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த நாளில். பிறகு வந்தது 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் பெரிய கண்ணாடியை பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கூடத்திலேயே தேய்த்து வடிவமைத்தார்கள். அது முழுமை பெறுவதைப் பாப்பு பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட்டில் மியூனிக்கில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரைச் சூட்டினார்.

மாலை வெயிலில் அந்த வெள்ளைக் குவிமாடத்தின் கீழே நின்றபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. சொல்லிக்கொள்ள வேண்டிய பெருமை. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து தென்வானத்தைப் பார்த்தவர்களின் வரிசை நீளமானது. 1689-இல் புதுச்சேரியில் இருந்த ஏசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஒரு வால்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஆல்பா சென்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரட்டை என்று கண்டார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது வானத்தின் தென்கோடியில் இருப்பது, ஐரோப்பியக் கண்ணுக்கு எட்டாதது. அந்தச் சென்னை வானாய்வகத்தின் வாரிசுதான் கொடைக்கானல், கொடைக்கானலின் வாரிசுதான் காவலூர். 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் சூப்பர்நோவா ஒன்று வெடித்தபோது, அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகைதான் அது ஏறும் என்ற நிலையிலும், காவலூர்க்காரர்கள் அதன் நிறமாலையைப் பிடித்தார்கள். வட இந்திய மலைகளிலிருந்து அதைப் பார்த்திருக்கவே முடியாது.

இருட்டியதும், வந்திருந்தவர்களைச் சிறு தொலைநோக்கிக்கு அழைத்துப் போனார்கள். சனிக்கிழமைகளில் வானம் தெளிவாக இருந்தால் பொதுமக்களுக்குக் காட்டுவது இங்கே வழக்கம். பெரிய தொலைநோக்கிகள் ஆய்வாளர்களுக்கு மட்டும். கையில் விளக்கு அடிக்கக் கூடாது, செல்போன் திரையைத் திறக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அன்று காட்டியவற்றில் ஒமேகா சென்டாரி இருந்தது. நம் பால்வீதியைச் சேர்ந்த கோளக் கொத்து அது. ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் கூட்டம், தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு. முன்னால் நின்ற சிறுமி கண்ணை எடுக்கவே மாட்டேன் என்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

எம்83-ஐ நான் பார்த்தது வளாகத்துக்கு வெளியே. ஆலங்காயத்திலிருந்து வாடகைக்கு எடுத்த வண்டியில் திரும்பி வரும்போது, ஊர் விளக்குகள் மலைச்சரிவில் மறைந்த ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் இளைஞர்.

"லைட்ட அணைச்சிடவாண்ணே?"

"அணைச்சிடுங்க தம்பி. கண்ணு பழகக் கொஞ்ச நேரம் ஆகும்."

அமாவாசையை ஒட்டிய இரவு. கண் பழகப் பழகத் தெற்கு வானம் அடுக்கடுக்காகத் திறந்தது. அடிவானத்தின் அருகே தென்சிலுவை, அதன் கிழக்கே ஆல்பாவும் பீட்டா சென்டாரியும். மேலே அஸ்தத்தின் நாலு விண்மீன்கள், பக்கத்தில் நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. வழி மிகவும் எளிது. சித்திரையிலிருந்து நேர் தெற்கே இறங்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் சுமார் பத்துப் பாகை. அப்படி ஏறக்குறைய இரண்டு முஷ்டி இறங்கினால் எம்83. இன்னும் இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினால் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் ஒமேகா சென்டாரி. சித்திரை, எம்83, ஒமேகா சென்டாரி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தென்வடல் கோட்டைக் கடக்கின்றன.

பைனாகுலரில் அது ஒரு சிறு வட்ட மங்கல். கண்ணாடியில் ஊதினால் படியும் மூச்சு அளவுக்குத்தான். நேராகப் பார்த்தால் மறையும், பக்கத்தில் பார்வையை வைத்தால் தெரியும். இணையத்தில் காணும் வண்ணப் படங்களை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லைபோல் இருக்கும். எனக்கு அப்படி இல்லை. எது என்று அறிந்து பார்க்கிறவனுக்கு அந்த மங்கல் போதும்.

இதை முதலில் கண்டவர் நிக்கோலா லூயி தெ லக்காய். பிரெஞ்சுக்காரர். தென்வானத்தை அளக்க வேண்டும் என்பதற்காகவே கப்பலேறி நன்னம்பிக்கை முனைக்குப் போனவர். 1752 பிப்ரவரியில், கேப் டவுனில், அரை அங்குல விட்டமுள்ள கண்ணாடியில் இதைப் பார்த்தார். நம் பால்வீதியும் ஆண்ட்ரோமிடாவும் இன்னும் சில சிறியவையும் சேர்ந்த உறவுக் கூட்டத்துக்கு வெளியே, மனிதர் கண்டறிந்த முதல் கேலக்ஸி இதுவே. என்ன கண்டோம் என்று லக்காய்க்குத் தெரிய வழியில்லை. இதன் சுருள் கைகளை மால்டா தீவில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த வில்லியம் லாசல் 1860-களில் கண்டார், மூன்று கிளையுள்ள சுருள் என்றார். இத்தகைய சுருள்கள் நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி உலகங்கள் என்பது 1920-களில், எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமிடாவின் தூரத்தை அளந்த பிறகே உறுதியாயிற்று.

எம்83-இல் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் வெடிப்புகள். நம் பால்வீதியில் கண்ணால் கண்ட கடைசி சூப்பர்நோவா 1604-இல். எம்83 நம்முடையதில் பாதி அளவு இருக்கும். அதிலோ 1923, 1945, 1950, 1957, 1968, 1983 என்று அறுபது ஆண்டுகளில் ஆறு சூப்பர்நோவாக்களைக் கண்டார்கள். விண்மீன்கள் வேகமாகப் பிறக்கும் இடம் என்பதால் பெரிய விண்மீன்கள் நிறைய. பெரியவை சீக்கிரம் எரிந்து தீர்ந்து வெடிக்கும். 1968-இல் வெடித்ததைக் கண்டவர் தென்னாப்பிரிக்காவின் ஜாக் பென்னட், வால்மீன் தேடும் அமெச்சூர். 1983-இல் வெடித்ததைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ், தொழிலால் கிறிஸ்தவப் போதகர், இரவில் தன் தொலைநோக்கியால் கேலக்ஸிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர். இருவரும் கண்ணாலேயே கண்டார்கள். கேப் டவுன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று இந்தக் கேலக்ஸியின் கதையில் தென்பாதி உலகமே திரும்பத் திரும்ப வருகிறது. பென்னட்டுக்கும் எவன்ஸுக்கும் கிடைத்த அந்த வானம் ஆலங்காயத்துப் பிள்ளைக்கும் நாற்பத்தேழு பாகை உயரத்தில் கிடைக்கிறது. அடுத்த வெடிப்பை ஏன் இந்த மலையிலிருந்து ஒருவர் முதலில் பார்க்கக் கூடாது?

ஓட்டுநர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தடவித் தடவித் தேடினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, "தெரியுதுண்ணே" என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

"இது இப்ப இருக்கறதா, இல்ல அப்ப இருந்ததா?"

அப்போது இருந்தது என்றேன். இந்த ஒளி கிளம்பி ஒன்றரைக் கோடி ஆண்டு ஆகிறது. அப்போது மனிதர் என்ற இனமே பூமியில் இல்லை. 1983-இல் கண்ட வெடிப்பும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான், சேதி 1983-இல் வந்தது. இன்னும் எத்தனையோ சேதிகள் வழியில் இருக்கின்றன. அவர் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வளைவிலிருந்து வடமேற்கே பார்த்தபோது வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஆரஞ்சு நிற வெளிச்சம் எழுந்து நின்றது. பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தபோது சுற்றுவட்டாரத்தில் மின்விளக்கு அரிது. இப்போது ஊர்கள் வளர்ந்துவிட்டன. மலைமேல் விடுதிகள் வருகின்றன. வெள்ளை எல்இடி விளக்குகள் வானத்தை நோக்கிப் பாய்கின்றன. மலைமக்களுக்குத் தெருவிளக்கு வேண்டும், சாலை வேண்டும், இரவில் மருத்துவமனைக்குப் போக வழி வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. விளக்கின் மேற்புறம் மூடியிருந்தால் வெளிச்சம் தரையில் விழும், தெருவும் நன்றாகத் தெரியும், மின்சாரமும் மிஞ்சும், வானமும் பிழைக்கும்.

இது நடக்காத காரியம் அல்ல. லடாக்கின் ஹான்லேயில், இதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இருக்கும் ஊரில், 2022-இல் இருள் வானக் காப்பகம் அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். வருகிற பயணிகளுக்கு அவர்களே வானத்தைக் காட்டுகிறார்கள், வருமானமும் அவர்களுக்கே. ஹான்லே முப்பத்திரண்டு பாகைக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே எம்83 இருபத்தேழு பாகைதான் ஏறும், ஒமேகா சென்டாரி அடிவானத்துக்குச் சற்று மேலே தாழ்வாகவே போகும். தென்வானத்தைக் காட்ட ஜவ்வாது மலையைப்போல் ஓர் இடம் வடக்கே கிடையாது. தமிழ்நாடு அரசு காவலூரைச் சுற்றிய மலை ஊர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அந்த ஓட்டுநரைப் போன்றவர்களின் கையில் தொலைநோக்கி கொடுக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலங்களைத் தவிர்த்து விடுங்கள், தை முதல் வைகாசிக்குள் போங்கள். எம்83 வேண்டுமென்றால் சித்திரை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை சரியாக இருக்கும். ஏறக்குறைய இரவு பத்தரைக்கும் நள்ளிரவுக்கும் இடையே அது உச்சத்துக்கு வரும். சித்திரைப் பௌர்ணமியில் போகாதீர்கள், நிலவு அந்தச் சித்திரை விண்மீனின் அருகிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். கிளம்பும் முன் வானாய்வகத்தில் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஜவ்வாது மலையில் வீடோ கடையோ விடுதியோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இன்றே வாசல் விளக்கின் தலையில் ஒரு மூடி போட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தேவையில்லாததை அணைத்துவிடுங்கள்.